கரைக்கு இழுத்து வந்த பிறகு: கடலோரச் சுற்றுலாவைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலோர மாவட்ட நிர்வாகங்களுக்கும், சுற்றுலா, மீன்வளம், மக்கள் நல்வாழ்வுத் துறைகளின் உயர் அதிகாரிகளுக்கும்,

நான் பாம்பன் தீவில் பிறந்தவள். பதினாறு வயதிலிருந்து பாசி எடுக்கக் கடலில் இறங்கியவள். இப்போது சில ஆண்டுகளாகத் தனுஷ்கோடி சாலையோரம் மீன் பொரித்து விற்கும் கொட்டகைக் கடை ஒன்றை வைத்திருக்கிறேன். கரையில் இருக்கிற எங்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுங்கள் என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் கேட்டேன். அதற்கு ஓர் அதிகாரி சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கோடை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை, மதியம் தாண்டிய நேரம். நாங்கள் ஆண்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு குடும்பம் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. மேலே அலை சின்னதாகத்தான் தெரிந்தது. அடியில் நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது, இருபது வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் அடுத்த அலையில் கழுத்தளவில் இருந்தான், அதற்கடுத்த அலையில் ஆளைக் காணவில்லை. என் தம்பியும் பக்கத்துக் கடை மச்சானும் காலி எண்ணெய் கேனில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மூன்று நான்கு நிமிடத்தில் அவனைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடலில் பிழைக்கிறவர்கள் என்பதால் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும். பையனை மணலில் கிடத்தினோம். வாயில் நுரை. சுற்றிலும் நாற்பது பேர். "வயித்த அமுக்கு" என்றார் ஒருவர். "காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கு" என்றார் இன்னொருவர். ஒருவர் அவனைத் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு மணலில் ஓடினார், தண்ணீர் வெளியே வரட்டும் என்று. வயிற்றை அமுக்கியவர்களில் நானும் ஒருத்தி. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. "தண்ணி வருது, பிழைச்சிருவான்" என்று அவன் அம்மாவிடம் சொன்னவள் நான்தான். ஒரு வேனில் ஏற்றி அனுப்பினோம், பாதி வழியில் 108 வண்டி எதிரே வந்து மாற்றிக்கொண்டது. மாலையில் செய்தி வந்தது.

அவன் நெஞ்சில் ஒருவர்கூடக் கை வைத்து அழுத்தவில்லை. ஒருவர்கூட அவனுக்கு மூச்சு ஊதவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டும்தான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. செய்திருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பை, கடலோரத்தில் மூன்று தலைமுறையாக வாழும் நாங்கள் கொடுக்கத் தெரியாமல் நின்றோம்.

சில மாதம் கழித்து, நர்ஸ் வேலை பார்க்கும் என் அக்கா மகள் ஊருக்கு வந்தாள். அவளிடம் சொல்லி அழுதேன். "சித்தி, வயித்துல இருந்து வந்த தண்ணி வேற, மூச்சு நின்னது வேற" என்றாள். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கும், நெஞ்சை அழுத்த வேண்டிய நேரமும் வீணாகும் என்றாள். ஒரு தலையணையை வைத்து எனக்கும் என் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தாள். மல்லாக்கப் படுக்க வை. கூப்பிட்டுப் பார், மூச்சு இருக்கிறதா பார். இல்லையென்றால் தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தாடையைத் தூக்கு. மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊது. மூழ்கியவருக்கு முதல் குறை காற்றுதான், மாரடைப்பு வந்தவருக்குச் செய்வதுபோல நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதாது. பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் அமுங்கும் அளவு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்து. 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நுரை வந்துகொண்டே இருந்தாலும் அதைத் துடைப்பதில் நேரம் போக்காதே. வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்பி வழித்துவிட்டு மறுபடி தொடங்கு. மூச்சு திரும்பினால் ஒருக்களித்துப் படுக்க வை. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அனுப்பு, சில மணி நேரம் கழித்தும் நுரையீரல் மோசமாகலாம்.

ஒரு சாயங்காலத்தில் தலையணையை வைத்துக் கற்றுக்கொண்டது இவ்வளவு. என் தம்பி முப்பது ஆண்டுகளாகக் கடலுக்குப் போகிறான். படகுப் பதிவு, எரிபொருள் மானியம், தடைக்கால நிவாரணம், அடையாள அட்டை என்று எத்தனையோ காரணத்துக்கு எத்தனையோ அலுவலகம் அவனைக் கூப்பிட்டிருக்கிறது. இதைச் சொல்லித்தர ஒருவரும் கூப்பிட்டதில்லை.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். கடற்கரையை மேம்படுத்தப் போவதாகச் சொல்லிக் கடைக்காரர்களையும் மீனவர் சங்கத்தாரையும் அழைத்திருந்தார்கள். படகுச் சவாரி, நடைபாதை, விளக்கு, படம் எடுத்துக்கொள்ள மேடை என்று திட்டம் வாசிக்கப்பட்டது. பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எச்சரிக்கைப் பலகையும் கேமராவும் இருந்தன. நான் எழுந்து, கரையில் இருக்கிற எங்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்டேன். பதில் இது: "அதையெல்லாம் மருத்துவப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் அம்மா. நீங்கள் 108-க்குத் தகவல் சொன்னால் போதும். நீங்களாக எதையாவது செய்து சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்."

ஐயா, 108 ஊழியர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 2008 முதல் அந்த வண்டி எத்தனை பிரசவத்துக்கு, எத்தனை விபத்துக்கு ஓடியிருக்கிறது என்று எங்கள் தீவுக்குத் தெரியும். ஆனால் தூரம் என்று ஒன்று இருக்கிறதே. ராமேசுவரத்திலிருந்து, தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலே இருபது நிமிடம். விடுமுறை நாளில் வேனும் பேருந்தும் இரண்டு பக்கமும் அடைத்து நிற்கும்போது எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். தொலைபேசிச் சிக்னல் சில நேரம் இலங்கைப் பக்கத்துக் கோபுரத்துக்குத் தாவிவிடும், 108-ஐ அழுத்திவிட்டு நின்றுகொண்டிருப்போம். மூச்சு நின்றவரின் மூளை நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் கெடத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குள் அவர் பக்கத்தில் நிற்கப்போவது யார்? பொரித்த மீனைத் தட்டில் வைத்துக்கொண்டிருக்கும் நான். சங்கு மாலை விற்கும் பெண். வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர். வேன் ஓட்டுநர். படம் பிடித்துக் கொடுக்கும் பையன்.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே சொன்ன ஊர் தனுஷ்கோடி. அதற்குப் பிறகும் எங்கள் ஆட்கள் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து, ஓலைக் குடிசையில் இருந்து மீன் பிடித்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. அதுவரை மணலில் ஜீப்பிலும் வேனிலும் குலுங்கி வந்த கூட்டம், இப்போது கடல் ஓரம் வரைக்கும் காரில் வந்து இறங்குகிறது. வரட்டும், எங்களுக்கும் அது பிழைப்புத்தான். சாலை போட்டவர்கள், அதில் வருகிற மனிதருக்குக் கடலில் ஒன்று நேர்ந்தால் யார் கை கொடுப்பது என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

மூழ்குவது மட்டும் அல்ல. போன ஆண்டு ஓர் அம்மா ஓரத் தண்ணீரில் திருக்கையை மிதித்துவிட்டார். கணுக்காலில் முள் ஏறிவிட்டது, வலியில் மணலில் புரண்டார். ஒருவர் கயிற்றால் இறுக்கிக் கட்டினார், இன்னொருவர் சுண்ணாம்பு தடவினார். திருக்கை முள்ளுக்கு முதலில் செய்ய வேண்டியது, அடிபட்ட காலைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவில் வெந்நீருக்குள் வைப்பது. அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி பெரிதும் அடங்கும், பிறகு காயத்தைச் சுத்தம் செய்ய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சூட்டை முதலில் நம் கையை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கால் வெந்துபோகும். எங்கள் சாலையோரத்தில் எத்தனை டீக்கடை இருக்கிறது! காலையிலிருந்து மாலை வரை வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது. மருந்து அடுப்பில் இருக்க, நாங்கள் சுண்ணாம்பு தேடி ஓடினோம்.

சொறி என்று நாங்கள் சொல்லும் ஜெல்லிமீன் பட்டால் பாசிக்காரப் பெண்கள் நாங்கள் பதறுவதில்லை, விரலில் துணியும் காலில் ரப்பர் செருப்பும் கட்டிக்கொண்டு இறங்கும்போதே அது எங்களுக்குப் பழக்கம். வெளியூர்க் குழந்தைக்குப் பட்டால் பெற்றவர்கள் மணலைப் போட்டுத் தேய்க்கிறார்கள், பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறார்கள். இரண்டும் ஒட்டியிருக்கும் நூலிழைகளை இன்னும் கொட்ட வைக்கும். கடல் தண்ணீராலேயே அலச வேண்டும் என்று சொல்ல நாங்கள் ஓடிப் போனால், "நீங்க யாரு?" என்கிற பார்வை. பயிற்சி பெற்றவர் என்று ஒரு அட்டையோ மேல்சட்டையோ இருந்தால் அந்தப் பார்வை மாறும், எங்கள் சொல்லை ஒரு நிமிடம் முன்னதாகக் கேட்பார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண்ணைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தார்கள். நனைந்த உடையோடு கிடந்தாள். தூக்கி வந்த ஆண்கள் இரண்டடி பின்னால் போய் நின்றுவிட்டார்கள். "அக்கா, நீங்க பாருங்க" என்றார்கள். தொட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம், அதிலும் நாலு பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வேளை, அவள் தானாகவே இருமி மூச்சு விட்டாள். நெஞ்சை அழுத்த வேண்டிய நிலை இருந்திருந்தால்? எப்போதாவது மீட்புப் பயிற்சி என்று அறிவித்தால் சங்கத்திலிருந்து ஆண்களின் பெயரைத்தான் எழுதி அனுப்புகிறார்கள். கரையில் நாள் முழுக்க இருப்பது பெண்கள். ஆண்கள் பாதி நேரம் கடலில் இருக்கிறார்கள்.

"சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்" என்றாரே அந்த அதிகாரி, அந்தச் சிக்கல் எது என்றும் எங்களுக்குத் தெரியும். ஒருவரைக் கரைக்குக் கொண்டுவந்து அவர் இறந்துவிட்டால், கொண்டுவந்தவரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். என் தம்பி இரண்டு நாள் தொழிலை விட்டுவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அவனை யாரும் மிரட்டவில்லை, ஆனால் அந்த இரண்டு நாள் வீட்டில் உலை கொதிக்கவில்லை. சாலை விபத்தில் உதவுகிறவருக்குச் சட்டம் காவல் நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. தன் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும். அதுபோலவே 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. நல்ல திட்டம், பலரைக் காப்பாற்றியிருக்கிறது. சாலையில் விழுந்தவருக்குச் செய்வதைக் கடலில் விழுந்தவருக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது எங்கள் கரையின் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகள். கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலைக்கான எச்சரிக்கை அப்போது விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் மனிதர்கள் இறங்கிவிடுகிறார்கள், கடலைப் பார்த்ததும் அப்படித்தான் ஆகிறது. எச்சரிக்கைப் பலகை தோற்றுப்போகிற அந்தக் கணத்துக்கு உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள். மீனவர் மீட்பார்கள் என்பதில் அரசுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த நம்பிக்கைக்கு ஏற்ற பயிற்சியைத்தான் கேட்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் மூழ்கிச் சாவதைத் தடுக்கப் பரிந்துரைக்கும் ஆறு வழிகளில் ஒன்று, அருகில் இருக்கும் பொதுமக்களுக்குப் பாதுகாப்பாக மீட்கவும் உயிர்மூச்சு கொடுக்கவும் பயிற்சி தருவது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் பொதுமக்களைத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்கிறது. ஆக, அந்த அதிகாரி "நீங்கள் செய்யக் கூடாது" என்றது அரசின் கொள்கைக்கே எதிரானது. அதை அவர் தெரியாமல் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். அதுதான் நிர்வாகத்தின் முடிவு என்றால், அதை என்னால் ஏற்க முடியாது.

ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி உயிர்காப்பாளர் எதற்கு என்று நீங்கள் கையைக் கழுவிவிடக் கூடாது. கோவாவில் 2008 முதல் கடற்கரைகளில் சம்பளத்துக்கு உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், கேரளத்திலும் சுற்றுலாத் துறை வைத்திருக்கிறது. கூலியில்லாத உயிர்காப்பாளர்களாக எங்களை ஆக்கிவிடாதீர்கள். அவர்களும் வேண்டும், நாங்களும் தயாராக இருக்க வேண்டும்.

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதே நேரம்தான், கடற்கரையில் கூட்டம் நெரிவதும் அப்போதுதான். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் சும்மா இருக்கும் அந்த நாட்களின் முதல் வாரத்திலேயே, சுற்றுலாப் பயணிகள் வரும் ஒவ்வொரு கடலோர ஊரிலும் இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி நடத்துங்கள். மேடைப் பேச்சும் துண்டறிக்கையும் பயிற்சி ஆகாது. பொம்மையை வைத்து, ஒவ்வொருவரும் வியர்க்க வியர்க்க அழுத்திப் பழக வேண்டும். நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் இறங்காமலே கயிறு, கேன், கழி கொண்டு எப்படி உதவுவது என்பதும் அதில் இருக்க வேண்டும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன கதை எங்களிடம் நிறைய உண்டு. பங்கேற்பவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கடைக்காரர், வேன் மற்றும் ஆட்டோ ஓட்டுநர், படகுச் சவாரி நடத்துவோர் எல்லோரையும் சேருங்கள். கை மறந்துபோகும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சி கட்டாயம். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுங்கள்.

கரையில் அரை கிலோமீட்டருக்கு ஒரு பெட்டி வையுங்கள். மிதவை வளையம், நீளக் கயிறு, மூச்சு ஊதும் முகமூடி, கட்டுத்துணி, அந்த இடத்தின் எண் பெரிய எழுத்தில். 108-ஐ அழைத்து "பன்னிரண்டாம் எண் கம்பம்" என்று சொன்னால் வண்டி நேரே வந்து சேர வேண்டும். பெட்டியை மாதம் ஒருமுறை யார் சரிபார்ப்பது என்பதை எழுத்தில் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டாம் மாதம் காலிப் பெட்டிதான் நிற்கும். விடுமுறை நாட்களில் ஒரு 108 வண்டியை அரிச்சல்முனைப் பக்கமே நிறுத்தி வையுங்கள். பயிற்சி பெற்றவர்களின் எண்களை 108 கட்டுப்பாட்டு அறையில் பதிந்து, அழைப்பு வந்ததும் அருகில் இருப்பவருக்குத் தகவல் போக ஏற்பாடு செய்யுங்கள்.

நீர்நிலையில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவியவரைச் சாலை விபத்தில் உதவியவரைப் போலவே பாதுகாக்கும் அரசாணை வேண்டும். வாக்குமூலம் தேவைப்பட்டால் காவலர் எங்கள் கரைக்கு வந்து, ஒரே தடவையில் எழுதிக்கொள்ளட்டும். மீட்கப் போய்ச் சேதமான படகுக்கும் வலைக்கும் செலவான எரிபொருளுக்கும் ஈடு கொடுங்கள். கடலில் மூழ்கி மீட்கப்பட்டவர்களையும் அந்த 48 மணி நேரத் திட்டத்தில் சேருங்கள். எந்தக் கரையில், எந்த மாதத்தில், எத்தனை பேர் மூழ்கினார்கள், எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். புதிய படகுச் சவாரிக்கோ கடல் விளையாட்டுக்கோ அனுமதி கொடுக்கும் முன், அந்தக் கரையில் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் அனுமதி கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் 15-க்கு முன் எங்களுக்கு எழுத்துமூலம் பதில் வேண்டும். முதல் பயிற்சிக்கு இடம் இல்லை என்றால் என் கடை வாசலில் பந்தல் போட்டுக்கொள்ளலாம், நாற்பது பேர் உட்காரலாம். பெயர் கொடுக்க இருபத்திரண்டு பெண்கள் இப்போதே தயாராக இருக்கிறார்கள், பட்டியல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பாம்பன் தீவிலிருந்து ஒரு பாசிக்காரப் பெண்